திருச்சியா, மதுரையா? காரைக்குடியிலிருந்து ஒரு விமானக் கணக்கு

தை மாதம் எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். சிங்கப்பூரிலிருந்து ஆச்சி (எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் அழைப்போம்) குடும்பம் வருகிறது, கோலாலம்பூரிலிருந்து அத்தை வருகிறார், மும்பையிலிருந்து அண்ணன் வருகிறான். தேதி குறித்த அன்று இரவே மூன்று இடத்திலிருந்தும் போன். மூவரும் கேட்டது ஒரே கேள்வி: "எங்க வந்து இறங்குறது, திருச்சியா மதுரையா?"

செட்டிநாட்டில் இந்தக் கேள்வி வராத வீடு குறைவு. ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஒரு வாரம் போலக் கடலில் இருந்து பினாங்கில் கரையிறங்கிய ஊர் இது. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை நகரத்தார் கட்டியது 1859இல். அன்றைக்கு வழி ஒன்றுதான், யோசிக்க எதுவும் இல்லை. இன்றைக்கு இரண்டு விமான நிலையங்கள், நடுவில் நாம். ஊரில் பாதிப் பேர் திருச்சிதான் கிட்ட என்பார்கள், மீதிப் பேர் மதுரைதான் கிட்ட என்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்த்தால் காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 77 கிலோமீட்டர். மதுரை விமான நிலையம் சுமார் 80. வித்தியாசம் 3 கிலோமீட்டர்தான். காக்கை பறந்தால் எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். நாம் சாலையில் போகிறோம், அங்கேதான் கணக்கு மாறுகிறது.

திருச்சிக்குப் போகும் சாலை நேராக வடக்கே போகிறது. கானாடுகாத்தான் விலக்கு, திருமயம் கோட்டை, புதுக்கோட்டை புறவழி, கீரனூர், மாத்தூர், அடுத்தது விமான நிலையம். 85லிருந்து 90 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். முக்கியமான வசதி, நிலையம் நகரத்துக்குத் தெற்கே புதுக்கோட்டைச் சாலையை ஒட்டி இருக்கிறது. டி.வி.எஸ். டோல்கேட் நெரிசலுக்கு முன்பே நம் பயணம் முடிந்துவிடும், திருச்சி ஊருக்குள் நுழையவே தேவையில்லை. பகலில் ஒன்றேமுக்கால் மணி நேரம், லாரிகள் வரிசைகட்டினால் இரண்டு மணி நேரம்.

மதுரைக்குத் திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போகவேண்டும். மேலூர் வரை நான்கு வழிச் சாலை வந்த பிறகு இந்தப் பக்கம் நிறையவே மாறியிருக்கிறது. முன்பு திருப்பத்தூரைத் தாண்டுவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம். ஆனால் மதுரை விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே, அவனியாபுரத்தையும் தாண்டி இருக்கிறது. நாம் வருவதோ வடகிழக்கிலிருந்து. அதனால் ஊரைச் சுற்றிக்கொண்டு சுற்றுச்சாலையில் விரகனூர் வந்து, மண்டேலா நகர் வரை போய்த் திரும்பவேண்டும். மொத்தம் சுமார் 100 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். விரகனூர் ரவுண்டானாவில் மாட்டினால் இன்னும் கால் மணி, அரை மணி சேரும். சித்திரைத் திருவிழா நாட்களில் இந்தக் கணக்கை நம்பவே வேண்டாம், ஒரு மணி நேரம் முன்பாகவே கிளம்பிவிடுங்கள்.

ஆக சாலையில் திருச்சி ஒரு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கிட்ட. ஆனால் இது காரைக்குடிக்கான கணக்கு மட்டும். செட்டிநாடு என்பது ஒரே ஊர் இல்லையே. ராயவரம், கானாடுகாத்தான் பக்கம் இருப்பவர்களுக்குத் திருச்சி இன்னும் கிட்ட. திருப்பத்தூர், கீழச்சிவல்பட்டி, நெற்குப்பை பக்கம் போகப்போக மதுரை முந்திக்கொள்ளும். தேவகோட்டைக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: காளையார்கோவில், சிவகங்கை, பூவந்தி வழியாக மதுரைச் சுற்றுச்சாலையைப் பிடிக்கலாம், மேலூர்ப் பக்கம் போகவே வேண்டாம். அதனால் பக்கத்து ஊர்க்காரர் சொன்னார் என்று முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டு வாசலிலிருந்து எண்ணுங்கள்.

இதுவரை சொன்னது சாலைக் கணக்கு மட்டும். என்னைக் கேட்டால் இந்த முடிவில் இதற்குக் கால் பங்குதான் இடம் கொடுக்கவேண்டும். எந்த நிலையத்திலிருந்து நீங்கள் போகும் ஊருக்கு நேராக விமானம் இருக்கிறது என்பதற்குத்தான் மீதி முக்கால் பங்கும்.

ஆச்சி கதையை எடுத்துக்கொள்ளலாம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சாங்கி நேர்கோட்டில் கிட்டத்தட்ட 2,980 கிலோமீட்டர், நேரடி விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். மதுரையிலிருந்து அளந்தால் கிட்டத்தட்ட 3,015. வானத்தில் வித்தியாசம் முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், விமானத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். ஆனால் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானங்கள் பல ஆண்டுகளாக ஓடுகின்றன. வளைகுடா ஊர்களுக்கும் இங்கிருந்துதான் அதிகம். மதுரையிலிருந்து கொழும்பு, துபாய் என்று வெளிநாட்டு விமானங்கள் ஓடினாலும் கிழக்கே போகிறவர்களுக்குப் பெரும்பாலும் சென்னை சுற்றுத்தான்.

அந்தச் சுற்று எவ்வளவு தின்கிறது என்று பார்க்கலாம். மதுரையிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 418 கிலோமீட்டர் வடக்கே. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,930. திருச்சி–சிங்கப்பூர் தூரத்துக்கும் இதற்கும் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான் வித்தியாசம். அதாவது சென்னைக்குப் போனதால் சிங்கப்பூர் நமக்குக் கிட்ட வந்துவிடவில்லை. 400 கிலோமீட்டரைச் சும்மா பறந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இதை வாசலிலிருந்து வாசல் வரை எண்ணினால் இப்படி வரும். காரைக்குடி வீட்டிலிருந்து திருச்சிக்கு இரண்டு மணி நேரம், நிலையத்தில் மூன்று மணி நேரம், விமானத்தில் நான்கு, சாங்கியில் இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர ஒன்று. பத்து மணி நேரம். மதுரை, சென்னை வழியாகப் போனால் சாலையில் இரண்டு, மதுரை நிலையத்தில் இரண்டு, சென்னைக்குப் பறக்க ஒன்றேகால், அங்கே காத்திருக்க நான்கு, சிங்கப்பூருக்கு நான்கரை, இறங்கி வெளியே வர ஒன்று. பதினைந்து மணி நேரத்தைத் தொட்டுவிடும். டிக்கெட்டில் நாலாயிரம், ஐயாயிரம் மிச்சம் என்று சொல்லி இதற்குச் சம்மதிக்கிறவர்கள் உண்டு. ஒற்றை ஆளாக, முதுகில் ஒரு பையோடு போகிற பையனுக்குச் சரி. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அந்த ஐந்து மணி நேரத்தைச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு காரணம் எங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. ஆச்சி ஊருக்குத் திரும்பும் அன்று காலை ஆத்தா (அம்மா) பலகாரத் தகரடப்பாக்களை வரிசையாக வைப்பார். மாவுருண்டை ஒன்றில், மனகோலம் ஒன்றில், சீப்புச்சீடை ஒன்றில். சீப்புச்சீடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே கூடாக, குழல் மாதிரி இருக்கும். மாவைச் சீப்புப் பலகையில் அழுத்திச் சுருட்டி, ஓரத்தை விரலால் ஒட்டிப் பொரிப்பது. லேசாகத் தட்டினாலே உடையும். ஆத்தா டப்பாவின் அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் காகிதம் வைத்து அடுக்குவார். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, கொக்கித் தராசில் மாட்டிப் பெட்டியோடு தூக்கிப் பார்ப்போம். இருபத்தைந்து கிலோ வரம்பென்றால் இருபத்து நான்கரையில் நிறுத்திவிடுவது எங்கள் வழக்கம். நேராகப் போகிற விமானத்தில் அந்தப் பெட்டி ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கும். ஒரு தடவை மட்டும் சென்னையில் மாறிப் போனார்கள், இரண்டும் தனித்தனி டிக்கெட். பெட்டியைச் சென்னையில் எடுத்து, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், மறுபடியும் எடை போட்டுக் கொடுத்தார்கள். ஆச்சி சிங்கப்பூரில் டப்பாவைத் திறந்து அனுப்பிய படத்தில் முழுசாக இருந்தவை பதினொன்று. ஆத்தா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனித்தனி டிக்கெட் என்றேனே, அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் உங்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர் வரை போய்விடும். இரண்டு டிக்கெட்டாக நீங்களே சேர்த்து வாங்கினால் நடுவில் என்ன நடந்தாலும் நீங்கள்தான் பொறுப்பு.

இதில் இன்னும் மோசமான ஒரு வகை இருக்கிறது. ஒரு நிலையத்தில் இறங்கி இன்னொரு நிலையத்தில் ஏறுவது. எங்கள் உறவில் ஒருவர் மலேசியாவிலிருந்து காலை ஒன்பதரைக்குத் திருச்சியில் இறங்கி, அன்றே மதியம் ஒன்று நாற்பதுக்கு மதுரையிலிருந்து மும்பை போவதாக டிக்கெட் எடுத்துவிட்டார். நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே என்று நினைத்தார். அந்த இரண்டு நிலையங்களுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 124 கிலோமீட்டர். சாலையில் விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று வந்து சுற்றுச்சாலை பிடித்தால் 140ஐத் தாண்டிவிடும். நல்ல நான்கு வழிச் சாலைதான், ஆனாலும் இரண்டேகால் முதல் இரண்டரை மணி நேரம். குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து அவர் வண்டி ஏறியபோது பத்தேமுக்கால். மதுரை வந்தபோது ஒன்றேகால். விமானம் தரையில் நின்றுகொண்டுதான் இருந்தது. கவுண்டர் எப்போதோ மூடிவிட்டார்கள். விமானம் கிளம்பும் நேரத்தைப் பார்க்கக்கூடாது, கவுண்டர் மூடும் நேரத்தைத்தான் பார்க்கவேண்டும். வெளிநாட்டு விமானங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடுகிறார்கள், உள்நாட்டுக்கு நிறுவனத்தைப் பொறுத்து முக்கால் மணியோ ஒரு மணியோ. திருச்சி–மதுரை இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள். முடிந்தால் ஓர் இரவு காரைக்குடியில் தங்கி, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் இதில் குழம்பிப்போகிறார்கள். புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. இரவு ஒரு மணிக்குத் திருச்சியில் கிளம்பினால் காலை ஏழரைக்குச் சிங்கப்பூர் என்று போட்டிருக்கும். ஆறரை மணி நேரமா என்று அத்தை பயந்துவிட்டார். பறப்பது நான்கு மணி நேரம்தான். திரும்பும்போது தலைகீழாக இருக்கும்: இரவு பத்துக்குக் கிளம்பி, அன்று இரவே பதினொன்றரைக்குத் திருச்சி என்று இருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம் போலிருக்கிறதே என்று நினைத்து, அழைத்துவரப் போகும் வண்டிக்குத் தப்பான நேரம் சொல்லிவிடக்கூடாது.

அப்புறம், டிக்கெட்டில் ஊர்ப் பெயரைவிட மூன்றெழுத்துக் குறிதான் பெரிதாகத் தெரியும். திருச்சிக்கு டி.ஆர்.இசட்., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. ஒரே எழுத்து வித்தியாசம்! போனில் அவசரமாகத் தட்டும்போது இதைக் கண்டிப்பாக இரண்டு தடவை பாருங்கள்.

திருச்சியின் புதிய முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைத்தார், பயணிகளுக்கு ஜூன் மாதம் திறந்தார்கள். பழைய கட்டடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வெளிநாட்டு விமானம் வந்தால் வரிசை வாசல் வரை நீளும். இப்போது முகப்பு கோபுர அமைப்பில், உள்ளே தாராளமாக இருக்கிறது. சக்கர நாற்காலியில் பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மதுரை முனையம் 2010இல் வந்தது, அளவில் சிறியது. அதில் ஒரு நல்லதும் உண்டு: உள்நாட்டு விமானத்தில் இறங்கினால் மளமளவென்று வெளியே வந்துவிடலாம், நடை குறைவு.

இனி மும்பை அண்ணன் விஷயம். உள்நாட்டுப் பயணத்தில் திருச்சிக்கு அப்படிப் பெரிய முன்னுரிமை எதுவும் இல்லை. பெங்களூரு, ஹைதராபாத், மும்பை என்று இரண்டு பக்கமும் விமானம் உண்டு. இங்கே நான் பார்ப்பது இறங்கும் நேரத்தை. பகல் பன்னிரண்டுக்குள் இறங்கினால் எதுவானாலும் சரி. மாலை ஆறு மணிக்கு மேல் என்றால் திருச்சி. காரணம், வேலை முடியும் நேரத்தில் மதுரைச் சுற்றுச்சாலை சோதித்துவிடும். தை மாதத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரைக்காரர்கள் குன்றக்குடி, திருப்பத்தூர் பக்கம் சாலையோரமாக இரவும் பகலும் நடப்பார்கள். காவடியோடு, செருப்பில்லாமல், சிலர் கைக்குழந்தையோடு. அந்த நாட்களில் இருட்டிய பிறகு அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் வேகத்தைப் பாதியாகக் குறைக்கவேண்டும். நேரமாகிறது என்று டிரைவரை ஒரு நாளும் விரட்டாதீர்கள்.

இரவுப் பயணம் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லவேண்டும். திருச்சியில் கிழக்கே போகும் விமானங்கள் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும்தான். நள்ளிரவில் இறங்கி, ஒரு மணிக்கு வெளியே வந்து, இரண்டு மணி நேரம் சாலையில் வருவது டிரைவருக்குத்தான் பெரிய சோதனை. கீரனூருக்கும் திருமயத்துக்கும் நடுவில் சாலை நேராக, ஆள் நடமாட்டமில்லாமல் கிடக்கும். கண் அசரும் இடம் அதுதான். டிரைவரைச் சாயங்காலமே தூங்கச் சொல்லுங்கள், வழியில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவர் அலுப்பாகத் தெரிந்தால் திருச்சியிலேயே ஓர் அறை எடுத்து விடியும் வரை படுத்துவிட்டு வாருங்கள். நான்கு மணி நேரம் தாமதமானால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

சென்னைக்கு மட்டும் போகிறவர்கள் எதற்கு விமானம் ஏறுகிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. திருச்சி–சென்னை நேர்கோட்டில் 295 கிலோமீட்டர், விமானத்தில் ஒரு மணி நேரம். அதற்கு முன் சாலையில் இரண்டு மணி நேரம், நிலையத்தில் ஒன்றரை, இறங்கிப் பெட்டி எடுக்க அரை, சென்னை நெரிசலில் ஒரு மணி நேரம். ஆறு மணி நேரம் ஆகிவிடுகிறது. பல்லவன் ரயில் விடியற்காலை காரைக்குடியில் கிளம்பி மதியத்துக்குள் எழும்பூர் சேர்த்துவிடும். கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், ஒரே இருக்கை, சாலை அலைச்சல் இல்லை. சென்னையில்தான் வெளிநாட்டு விமானம் ஏறவேண்டும் என்ற கட்டாயம் இருப்பவர்களும் ரயிலையே பார்க்கலாம். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போனால் எதிரே விமான நிலையம். பெட்டி கனமாக இருந்தால் தாம்பரத்திலிருந்து டாக்ஸி.

செட்டிநாடு கால்நடைப் பண்ணை நிலத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இன்னமும் கிடக்கிறது. அது மட்டும் உயிர்பெற்றால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருக்காது. கோரிக்கை பல காலமாக இருக்கிறது. வரும் வரை திருச்சி, மதுரைதான்.

விமான அட்டவணை ஆண்டுக்கு இரண்டு தடவை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறுகிறது. போன தடவை இருந்த விமானம் இந்தத் தடவை இல்லாமல் போகலாம், புதிதாக ஒன்று வந்திருக்கலாம். அதனால் எடுக்கும் அன்று இரண்டு நிலையத்தையும் ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் நிலையாக ஓடினால் திருப்பத்தூர்க்காரர்களுக்கும் தேவகோட்டைக்காரர்களுக்கும் நான் வேறு பதில்தான் சொல்வேன்.

எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. ஆச்சிக்கும் அத்தைக்கும் திருச்சி. இரண்டு விமானமும் ஒரே இரவு, ஒன்றரை மணி நேர இடைவெளியில் இறங்கும்படி தேதி பார்த்திருக்கிறோம், ஒரே வேனில் கூட்டிவந்துவிடலாம். அத்தை முனையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்து, ஆச்சி குடும்பம் பெட்டி எடுத்த பிறகு சேர்ந்து வெளியே வருவதாகப் பேச்சு. அண்ணனுக்கு மதுரையில் காலை பத்தரைக்கு இறங்கும் விமானம் கிடைத்தது. வருகிற வழியில் பிள்ளையார்பட்டியில் நின்று, பத்திரிகையைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்துவரச் சொல்லி அப்பச்சி அவனிடம் சொல்லியிருக்கிறார்.